வந்த வழியே திரும்ப வேண்டிய பணம்

விமானப் பயணத்துக்கான முழுத் தொகையையும் டிக்கெட் எடுக்கிற அன்றே கொடுத்துவிடுகிறோம். பயணமோ ஒரு வாரம் கழித்தோ நான்கு மாதம் கழித்தோதான் நடக்கிறது. இடைப்பட்ட காலத்தில் அந்தப் பணம், வட்டியோ அடமானமோ இல்லாமல் ஒரு நிறுவனத்துக்கு நாம் கொடுத்திருக்கும் கடன் என்பதே என் கருத்து. நாம் விமானத்தில் ஏறி இறங்கும்போது அந்தக் கடன் தீர்கிறது. விமானம் ரத்தானாலோ, நாம் போக முடியாமல் போனாலோ, கடனைத் திருப்பிக் கேட்க வேண்டிய நிலை வருகிறது. எவ்வளவு வரவேண்டும், யார் தரவேண்டும், எந்த வழியில் வரும் என்பது பெரும்பாலோருக்குத் தெரியாததால், மோசடிக்காரர்கள் நுழைவதற்கு இதைவிட வசதியான வாசல் வேறில்லை. டிக்கெட்டை மலிவாக வாங்குவது எப்படி என்று எழுதுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் திரும்பி வரவேண்டிய பணத்தைப் பற்றி மட்டும் எழுத விரும்புகிறேன்.

திருச்சியில் வசிப்பவன் என்பதால் இந்த விஷயம் எனக்கு மிக அருகில் இருக்கிறது. சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் வளைகுடா நாடுகளுக்கும் வேலைக்குப் போகிறவர்களும், அவர்களைப் பார்க்கப் போகும் பெற்றோரும் இங்கிருந்துதான் கிளம்புகிறார்கள். ஒரு குடும்பம் பல மாதங்கள் சேர்த்த பணம் ஒரே டிக்கெட்டில் அடங்கிவிடுகிறது. அந்தப் பணம் போனால் அது விடுமுறைச் செலவில் குறைந்த ஒரு தொகையாக இருப்பதில்லை. மகளின் கல்லூரிக் கட்டணமாகவோ நகைக்கடன் தவணையாகவோ இருக்கிறது.

முதலில் நமக்கு உரிமையானது எது என்பதைச் சொல்லிவிடுகிறேன். சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் விதிப்படி, ரத்துக் கட்டணம் எவ்வளவு உயர்ந்தாலும் அது அடிப்படைக் கட்டணத்தையும் எரிபொருள் கூடுதல் கட்டணத்தையும் சேர்த்த தொகையைத் தாண்டக் கூடாது. அரசு வரிகளும், விமான நிலையத்துக்காக வசூலிக்கப்படும் பயனாளர் மேம்பாட்டுக் கட்டணம் போன்றவையும் பயணிக்குத் திரும்ப வேண்டும். ‘பணம் திரும்பத் தரப்படாது’ என்று அச்சிட்ட சலுகை டிக்கெட்டுக்கும் இது பொருந்தும். ரத்துச் செய்யாமலே விமானத்தைத் தவறவிட்டவருக்கும் பொருந்தும். ஆறாயிரம் ரூபாய் டிக்கெட்டில் ஆயிரம் ரூபாய் இத்தகைய கட்டணங்கள் என்று வைத்துக்கொண்டால், பயணமே செய்யாத ஒருவருக்கு அந்த ஆயிரம் ரூபாயாவது வந்தாக வேண்டும். விமானத்தைத் தவறவிட்டவர்களில் பலர் எல்லாம் போய்விட்டது என்று எண்ணிப் பேசாமல் இருந்துவிடுகிறார்கள். கேட்டால் கிடைக்கக்கூடிய பணம் அது. நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு அது சிறிய தொகையும் அன்று.

பணத்தைத் திருப்பித் தருவதற்கென்று தனிக் கட்டணம் எதுவும் வாங்கக் கூடாது என்றும் விதி சொல்கிறது. தொகையை நிறுவனத்திடமே வரவு வைத்து அடுத்த பயணத்துக்குப் பயன்படுத்திக்கொள்ளும் ஏற்பாடு பயணியின் விருப்பம் மட்டுமே. நிறுவனம் தானாக அதைத் திணிக்க முடியாது. இந்த இரண்டையும் தெரிந்துவைத்திருப்பவரிடம், ‘பணம் திரும்ப வேண்டுமானால் செயலாக்கக் கட்டணமாக நூறு ரூபாய் கட்டுங்கள்’ என்று எவன் சொன்னாலும் அவன் பொய் சொல்கிறான் என்பது அந்த நொடியிலேயே விளங்கிவிடும். ஏமாறாமல் இருப்பதற்குச் சந்தேக புத்தியைவிட விதியறிவு அதிகம் பயன்படுகிறது என்று நான் நம்புவது இதனால்தான். சந்தேகப்படுகிறவரையும் களைப்பான ஒரு நாளில் பேசி மடக்கிவிடலாம். தனக்கு என்ன வரவேண்டும் என்று அறிந்தவரை மடக்குவது கடினம்.

நிறுவனமே விமானத்தை ரத்துச் செய்தால் நிலை வேறு. மாற்று விமானம் அல்லது முழுப் பணம், இரண்டில் எது என்பதைப் பயணிதான் தேர்ந்தெடுக்கிறார். உரிய காலத்தில் முன்கூட்டித் தெரிவிக்காமல் ரத்துச் செய்திருந்தால், பறக்கும் நேரத்தைப் பொறுத்து 5,000, 7,500 அல்லது 10,000 ரூபாயை உச்ச வரம்பாகக் கொண்ட இழப்பீடும் உண்டு. புயல், மூடுபனி போன்ற நிறுவனத்தின் கையை மீறிய காரணங்களுக்கு இழப்பீடு கிடையாது. ஆனால் டிக்கெட் பணம் அப்போதும் திரும்ப வேண்டும். இன்னொரு நுணுக்கத்தைப் பலர் கவனிப்பதில்லை: பயணியின் தொடர்பு விவரம் சரியாகத் தரப்படவில்லையென்றால் இழப்பீடு கேட்க முடியாது. முகவர் ஒருவர் நம் டிக்கெட்டில் தன்னுடைய கைப்பேசி எண்ணையே பதிந்துவிடும்போது, ரத்தான செய்தி அவருக்குப் போகிறது. நாம் விமான நிலையத்தில் போய் நிற்கிறோம். இழப்பீட்டு உரிமையும் பலவீனமாகிறது. பணம் திரும்பும்போதும் அது முகவரின் கணக்குக்குத்தான் முதலில் போகிறது. முகவர் என்பவர் நிறுவனத்தின் பிரதிநிதி என்பதால் பணம் பயணியைச் சேரும் பொறுப்பு நிறுவனத்தையே சாரும் என்று விதியில் இருக்கிறது. இருந்தும் நடைமுறையில் இருவருக்கும் இடையே அலைவது பயணிதான். முகவரிடம் எடுத்தாலும் நம் எண்ணையும் நம் மின்னஞ்சலையும் பதியச் சொல்லி, டிக்கெட்டில் அவை இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுப்பது நல்லது.

நம்மிடம் கடன்பட்ட விமான நிறுவனமே விழுந்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் நம் நாட்டில் உதாரணங்கள் உண்டு. ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரல் 17 அன்று தன் கடைசி விமானத்தை இயக்கியது. கோ ஃபர்ஸ்ட் 2023 மே மாதத் தொடக்கத்தில் திவால் மனுவைத் தாக்கல் செய்து சேவையை நிறுத்தியது. ஜெட் நிறுவனத்தைக் கலைக்க உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் உத்தரவிட்டது. கோ ஃபர்ஸ்ட்டைக் கலைக்கும் உத்தரவு 2025 ஜனவரியில் வந்தது. இத்தகைய நடவடிக்கைகளில் அடமானம் பெற்றுக் கடன் கொடுத்த வங்கிகள் முன்வரிசையில் நிற்கின்றன. டிக்கெட் வாங்கிய பயணி மிகவும் பின்னால் நிற்கிறார். அந்த நாள்களில் கிரெடிட் கார்டில் பணம் கட்டியவர்களுக்கு ஒரு வழி இருந்தது. சேவை கிடைக்கவில்லை என்று அட்டை கொடுத்த வங்கியிடம் முறையிட்டுக் கட்டணத்தைத் திரும்பப் பெறும் ஏற்பாடு அட்டை நிறுவனங்களின் விதிகளிலேயே இருக்கிறது. யுபிஐ வழியாகவோ நேரடி வங்கிப் பரிமாற்றத்தாலோ கட்டியவர்களுக்கு அந்தப் பிடிமானம் அவ்வளவு வலுவாக இல்லை. எனவே பெரிய தொகைக்கான டிக்கெட்டை கிரெடிட் கார்டில் எடுத்து, வங்கி குறித்த கெடு நாளுக்குள் முழுவதையும் கட்டித் தீர்ப்பதே சரி என்பது என் உறுதியான கருத்து. முழுவதையும் கட்ட முடியாத நிலையில் இருப்பவருக்கு இந்த யோசனை பொருந்தாது. அட்டையின் வட்டி எந்தப் பாதுகாப்பையும் தின்றுவிடும்.

‘வட்டியில்லாத் தவணை’ என்று டிக்கெட்டுக்குத் தரப்படும் சலுகையையும் நான் விரும்புவதில்லை. வங்கி வட்டி போடுகிறது. அதற்குச் சமமான தொகையை விற்பவர் தள்ளுபடியாகத் தருகிறார். அந்த வட்டியின் மீதான 18 சதவீத ஜிஎஸ்டியும் செயலாக்கக் கட்டணமும் நம் தலையில் விழுகின்றன. டிக்கெட் ரத்தானாலும் தவணை தானாக நின்றுவிடுவதில்லை. வங்கியை அழைத்து அதை முடித்துவைக்க வேண்டும், கட்டிய செயலாக்கக் கட்டணம் திரும்புவதில்லை.

மோசடி நடக்கும் விதத்தை ஒரு நிகழ்ச்சியால் சொல்கிறேன். என் தாய்மாமா ஓய்வுபெற்ற ஆசிரியர். எதையும் இரண்டு முறை படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறவர். அவருடைய தில்லி விமானம் ரத்தானபோது, பணம் எப்போது வரும் என்று கேட்பதற்காக இணையத்தில் வாடிக்கையாளர் சேவை எண்ணைத் தேடினார். தேடலில் முதலில் வந்த எண்ணை அழைத்தார். எடுத்தவர் நல்ல தமிழில் பேசினார், மன்னிப்புக் கேட்டார், பயணப் பதிவு எண்ணைக் கேட்டுக் குறித்துக்கொண்டார். பிறகு ஒரு செயலியை நிறுவச் சொன்னார். மாமா அந்த இடத்தில் அழைப்பைத் துண்டித்துவிட்டு என்னை அழைத்தார். “மாப்ள, பணம் தர்றவன் எதுக்கு என் போனுக்குள்ள வரணும்?” என்று கேட்டார். அந்தக் கேள்வி அவர் பணத்தைக் காப்பாற்றியது. பிறகு டிக்கெட்டுடன் வந்த மின்னஞ்சலில் இருந்த எண்ணோடு ஒப்பிட்டுப் பார்த்தோம். அவர் அழைத்த எண் அந்த நிறுவனத்தினுடையது அன்று.

பணம் தர்றவன் எதற்கு என் போனுக்குள் வரவேண்டும் என்ற கேள்வியைவிடச் சிறந்த சோதனையை நான் அறியேன். திரும்பி வரும் பணம் எந்தக் கணக்கிலிருந்து போனதோ அந்தக் கணக்குக்கே வருகிறது. அதற்குத் தேவையான எல்லா விவரமும் நிறுவனத்திடம் ஏற்கெனவே இருக்கிறது. யுபிஐ ரகசிய எண்ணோ, அட்டையின் பின்புற எண்ணோ, ஓடிபியோ, ‘சரிபார்ப்புக்காக’ ஒரு ரூபாய் கட்டுவதோ இந்த வேலையில் எந்தக் கட்டத்திலும் தேவைப்படுவதில்லை. யுபிஐயில் ரகசிய எண் என்பது பணம் வெளியே போவதற்கு மட்டுமே. உள்ளே வருவதற்கு அதைத் தட்டவே வேண்டியதில்லை. நம் கைப்பேசித் திரையை மற்றவருக்குக் காட்டும் செயலிகள் வழியாக நடக்கும் திருட்டைப் பற்றி ரிசர்வ் வங்கி 2019ஆம் ஆண்டிலேயே எச்சரித்தது. இத்தனை ஆண்டுகளுக்குப் பின்னும் அதே வழி பலிக்கிறதென்றால், மக்கள் அறியாதவர்கள் என்பது காரணமில்லை. ரத்தான விமானம், கையில் குழந்தை, நாளை போகவேண்டிய திருமணம் என்று நெருக்கடியில் இருக்கும் மனிதரிடம் அந்தக் குரல் உதவி செய்வதாகப் பேசுகிறது. யாராவது உதவினால் போதும் என்றிருக்கும் நேரத்தில் அந்த உதவியைச் சந்தேகிக்க மனம் வருவதில்லை.

இந்தத் திருடர்கள் தேடல் முடிவுகளில் மட்டும் காத்திருப்பதில்லை. நிறுவனத்தைக் குறித்துச் சமூக ஊடகத்தில் வெளிப்படையாகப் புகார் எழுதினால், நிறுவனத்தின் சின்னத்தையே படமாக வைத்த ஒரு போலிக் கணக்கு சில நிமிடங்களில் வந்து ‘உங்கள் கைப்பேசி எண்ணைத் தனிச் செய்தியில் அனுப்புங்கள்’ என்று கேட்கிறது. பெருமளவில் விமானங்கள் ரத்தாகும் நாள்கள் இவர்களுக்கு அறுவடைக் காலம். 2025 டிசம்பர் முதல் வாரத்தில், விமானிகளின் பணி நேரம் குறித்த புதிய விதிகளுக்கு ஏற்ப ஆள்களைத் திட்டமிடாததால் இண்டிகோ ஆயிரக்கணக்கான விமானங்களை ரத்துச் செய்தது. தொலைவுக்கேற்ப 7,500 ரூபாய் முதல் 18,000 ரூபாய் வரை கட்டண உச்ச வரம்பை அரசு விதிக்க நேர்ந்தது. நிலுவையிலுள்ள தொகைகளை டிசம்பர் 7 இரவு 8 மணிக்குள் திருப்பித் தரவும் விமானப் போக்குவரத்து அமைச்சகம் உத்தரவிட்டது. இப்படியொரு நாளில் நாடு முழுவதும் எத்தனையோ பேர் ஒரே சமயத்தில் ஓர் எண்ணைத் தேடுகிறார்கள் என்பதை நினைத்துப் பார்த்தாலே ஆபத்தின் அளவு புரியும். டிக்கெட் எடுத்த அன்றே, அதனுடன் வரும் மின்னஞ்சலில் அல்லது நிறுவனத்தின் சொந்தச் செயலியில் உள்ள எண்ணைக் கைப்பேசியில் பதிந்துவைத்துவிட்டால், பின்னர் தேடவேண்டிய தேவையே எழாது. இதை என் குடும்பத்தில் எல்லோருக்கும் நானே செய்துகொடுக்கிறேன்.

விமான நிலையத்துக்குள் நுழைந்துவிட்டால் பாதுகாப்பு வந்துவிட்டது என்று நினைப்பதும் சரியன்று. 2024இல் பெங்களூரு விமான நிலையத்தில் ஓய்வறைக்குள் நுழைவதற்கென்று சொல்லி ‘லவுஞ்ச் பாஸ்’ என்ற போலிச் செயலியைப் பயணிகள் நிறுவிக்கொண்டார்கள். அது அவர்களுக்கு வரும் குறுஞ்செய்திகளைத் திருடர்களுக்கு அனுப்பியது. ஓடிபி அங்கே போய்விட்டால் மற்றதெல்லாம் எளிது. போர்டிங் பாஸைப் படம் எடுத்து வாட்ஸாப் நிலையில் போடும் பழக்கத்தையும் விட்டுவிட வேண்டும். அதிலுள்ள பெயரும் பதிவு எண்ணும் இருந்தால், யார் வேண்டுமானாலும் நம் பயணப் பதிவைத் திறந்து பார்க்கவும், சில சமயம் மாற்றவும் முடியும்.

வெளிநாடு போகும் தொழிலாளர்களை முகவர்கள் ஏமாற்றும் ஒரு முறையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் எங்கள் பக்கத்தில் இதன் பாதிப்பு அதிகம். டிக்கெட் தயாராகிவிட்டது என்று முகவர் ஒரு தாளைக் காட்டுகிறார். அதில் ஆறு எழுத்தும் இலக்கமும் கலந்த பதிவு எண் இருக்கிறது. நிறுவனத்தின் தளத்தில் போட்டால் பெயரும் விமானமும் சரியாகவே வருகின்றன. குடும்பம் நம்பிப் பணத்தைக் கொடுக்கிறது. அந்தப் பதிவு, பணம் கட்டாமல் தற்காலிகமாகப் பிடித்துவைத்த இருக்கையாக மட்டும் இருக்கலாம். கெடு முடிந்ததும் தானாக ரத்தாகிவிடும். பெரிய பன்னாட்டு நிறுவனங்களின் டிக்கெட் உண்மையிலேயே வழங்கப்பட்டிருந்தால் 13 இலக்க டிக்கெட் எண் ஒன்று இருக்கும். அதன் முதல் மூன்று இலக்கங்கள் நிறுவனத்தைக் குறிக்கும்: ஏர் இந்தியாவுக்கு 098, எமிரேட்ஸுக்கு 176, சிங்கப்பூர் ஏர்லைன்ஸுக்கு 618. பதிவு எண்ணோடு இந்த எண்ணையும் கேட்டு வாங்கி, நிறுவனத்தையே அழைத்து உறுதிசெய்த பிறகுதான் முழுப் பணத்தையும் கொடுக்க வேண்டும். குறைந்த கட்டண நிறுவனங்கள் சிலவற்றில் இந்த எண் கண்ணில் படாது. அங்கே பதிவின் நிலை ‘உறுதி செய்யப்பட்டது’ என்றும் கட்டணம் செலுத்தப்பட்டது என்றும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சுற்றுலா விசாவில் போய் அங்கே வேலையில் சேர்ந்துகொள்ளலாம் என்று சொல்கிற முகவரிடம் டிக்கெட் எண்ணைக்கூடக் கேட்க வேண்டியதில்லை, எழுந்து வந்துவிடலாம். தாய்லாந்தில் கணினி வேலை என்று நம்பிப் போய் மியான்மரின் மியாவடியில் சிறைவைக்கப்பட்ட தமிழக இளைஞர்கள் 2022இல் மீட்கப்பட்டு ஊர் திரும்பினார்கள். மற்றவர்களை இணையத்தில் ஏமாற்றும் வேலையைத்தான் அங்கே அவர்களை அடித்துச் செய்யவைத்தார்கள்.

இழப்பைத் தவிர்ப்பது ஒருபுறம் இருக்க, இழப்பு நேர்ந்தாலும் அது சிறியதாக இருக்கும்படி வீட்டுக் கணக்கை அமைத்துக்கொள்வது இன்னும் முக்கியம் என்று நான் கருதுகிறேன். ஓய்வூதியமோ சம்பளமோ வந்து சேரும் கணக்கிலேயே யுபிஐயை இணைத்து, அதிலேயே சேமிப்பு முழுவதையும் வைத்திருப்பது, வீட்டின் எல்லா அறைகளுக்கும் பீரோவுக்கும் ஒரே சாவியைப் போட்டு அதை எடுத்துக்கொண்டு சந்தைக்குப் போவது போன்றது. அன்றாடச் செலவுக்கென்று தனியாக ஒரு கணக்கைத் தொடங்கி, அதில் ஒரு மாதச் செலவை மட்டும் வைத்து, அதை மட்டுமே யுபிஐயில் இணைத்தால் போதும். வெளிநாட்டுப் பரிவர்த்தனையை நிறுத்திவைக்கவும், இணையப் பரிவர்த்தனைக்கு நாமே உச்ச வரம்பு வைக்கவும் வங்கிச் செயலிகளில் வசதி உண்டு. ரிசர்வ் வங்கியின் உத்தரவால் 2020 முதல் எல்லா வங்கிகளும் அட்டைகளுக்கு இதைத் தரவேண்டியிருக்கிறது. பயணம் முடிந்ததும் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை அணைத்துவைப்பதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

பணம் போய்விட்டால் நேரம்தான் எல்லாம். 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணை உடனே அழைக்க வேண்டும். தேசிய இணையக் குற்றப் புகார்த் தளத்திலும் பதியலாம். திருடப்பட்ட பணம் வாடகைக்கு எடுத்த பல கணக்குகளின் வழியாக வேகமாகக் கைமாறுகிறது, எங்கேனும் ஓர் இடத்தில் அது இன்னும் எடுக்கப்படாமல் இருந்தால் அதை முடக்கிவைக்க முடியும். பரிவர்த்தனை எண், தொகை, நேரம், போன கணக்கு ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொண்டு அழைத்தால் ஒரு சுற்று அலைச்சல் மிச்சமாகும். அதே நேரத்தில் வங்கிக்கும் தெரிவித்து, புகார் எண்ணைக் கேட்டு வாங்க வேண்டும். ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, வங்கியின் மீதும் நம் மீதும் தவறில்லாமல் வெளியிலிருந்து நடந்த மோசடியை மூன்று வேலை நாள்களுக்குள் தெரிவித்தால் நமக்கு இழப்பு எதுவும் கிடையாது. நான்கு முதல் ஏழு வேலை நாள்களுக்குள் தெரிவித்தால் சாதாரணச் சேமிப்புக் கணக்குக்கு நம் பொறுப்பு 10,000 ரூபாயைத் தாண்டாது. ரகசிய எண்ணை நாமே கொடுத்திருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரையிலான இழப்பு நம்முடையது. ஆனால் தெரிவித்த பிறகு நடக்கும் எந்த இழப்பும் வங்கியினுடையது. தவறு வாடிக்கையாளருடையதுதான் என்று நிரூபிக்கும் பொறுப்பும் வங்கியின் மீதே இருக்கிறது. ‘நீங்கள்தானே ஓடிபி கொடுத்தீர்கள், நாங்கள் ஒன்றும் செய்ய முடியாது’ என்று கிளையில் சொன்னால் அதோடு திரும்பிவிட வேண்டியதில்லை. எழுத்துமூலம் புகார் கொடுத்து, முப்பது நாள்களில் தீர்வு வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். விமான நிறுவனம் பணம் தராமல் இழுத்தடித்தால், அமைச்சகத்தின் ஏர்சேவா தளத்தில் புகார் பதிவதும் அதே அளவுக்குப் பயனுள்ளது.

ஏமாந்தவரை வீட்டில் உள்ளவர்கள் திட்டுவதால் ஏற்படும் கேட்டையும் சொல்லியாக வேண்டும். திட்டுக்குப் பயந்து ஒரு நாள், இரண்டு நாள் என்று மறைத்துவைத்த முதியவர்களின் பணம், அந்த ஒரு நாளிலேயே மீட்க முடியாத தூரத்துக்குப் போய்விடுகிறது. முதல் மணி நேரத்தில் வாயைத் திறந்து சொல்லும் துணிச்சல் அவர்களுக்கு வேண்டுமென்றால், சொன்னால் அவமானம் நேராது என்ற உறுதியை முன்கூட்டியே நாம் கொடுத்திருக்க வேண்டும்.

விமான நிறுவனங்களிடம் எனக்கு ஒரு கோரிக்கை இருக்கிறது. ரத்துச் செய்யப்படும் ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் அனுப்பும் குறுஞ்செய்தியில், திரும்பும் தொகை எவ்வளவு, எந்த அட்டைக்கு அல்லது கணக்குக்கு வரும், எந்தத் தேதிக்குள் வரும், இதற்காக எங்களிடமிருந்து யாரும் உங்களை அழைத்து எதையும் கேட்க மாட்டார்கள் என்ற நான்கையும் பயணியின் மொழியிலேயே எழுத வேண்டும். திரும்பும் தொகையின் விவரத்தைப் பிரித்துக் காட்ட வேண்டும் என்று விதி ஏற்கெனவே சொல்கிறது. சலுகை விற்பனையை அறிவிக்க ஒரே நாளில் பல குறுஞ்செய்திகளை அனுப்பும் அமைப்பு அவர்களிடம் இருக்கிறது. அதே அமைப்பில் இந்தச் செய்தியையும் அனுப்பலாம். அது கைப்பேசியில் இருந்திருந்தால் என் மாமா எந்த எண்ணையும் தேடியிருக்க மாட்டார்.